சத்தம் போடாத அய்யனார்

சத்தம் போடாததா ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். விலை முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல. நல்ல ஆன்டிவைரஸா இருக்கணும், ஆனா வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அடிக்கொரு தரம் அது ஆபத்து, இது ஆபத்துன்னு சிவப்புக் கட்டம் காட்டுறது எனக்கு ஆகவே ஆகாது. வீட்டுக்கு நாய் வளக்கோம்னா திருடனைப் பாத்துக் குலைக்கணும். வீட்டுக்காரியைப் பாத்தே குலைச்சா அது என்ன நாய்?

உக்காருங்க. ஃபேனை உங்க பக்கம் திருப்பிக்கிடுங்க. அந்த டப்பாவுல கடலை மிட்டாய் இருக்கு, எடுத்துக்கிடுங்க, கூச்சப்படாதீங்க. நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்து ஆளுக வந்துருவாங்க. அதுக்குள்ள நீங்க ரெண்டு காரியம் முடிக்கணும். ஒண்ணு, ஆன்டிவைரஸ். ரெண்டாவது, அவங்க வந்து கேக்கும்போது "கம்ப்யூட்டர் சுத்தமா இருக்கு, இதுல ஒரு கோளாறும் கிடையாது"ன்னு வாயால ஒரு வார்த்தை. எழுதியெல்லாம் தர வேண்டாம். நீங்க கம்ப்யூட்டர் படிச்ச ஆளு, உங்க வாய்ச்சொல்லு போதும்.

கீழ படிக்கட்டுப் பக்கத்துல பச்சைச் சுடிதார் போட்டு ஒரு பொண்ணு நின்னாளே, பாத்தீங்களா? நீங்க ஏறி வரும்போது உங்ககிட்ட ஏதாச்சும் பேசுனாளா? பேசலயா? சரி. பேசினாலும் காதுல வாங்காதீங்க. அவதான் ராஜகனி. எட்டு வருஷமா இந்தக் கடையில இருந்தா. பெத்த மக மாதிரி வச்சிருந்தேன் தம்பி. இப்ப அவளை மேல ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நாலு மணிக்குத்தான் வரச் சொன்னேன், ரெண்டு மணிக்கே வந்து நிக்கா. வெயில்ல நின்னா நான் இரங்கிருவேன்னு நெனப்பு.

என் பேரு செண்பகவல்லி. போர்டுல பாத்திருப்பீங்க, செண்பகா டி.டி.பி. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரங்க நோட்டீஸ், எல்லாம் இந்த ஒத்தக் கம்ப்யூட்டர்தான். கோவில்பட்டியில கல்யாணம் ஆனவங்க, காலமானவங்க, பாதிப்பேரு என் விரல் வழியாத்தான் போயிருக்காங்க. நான் அடிச்சேன்னு சொன்னாலும், அடிச்சது அவதான். கடை என்னுதுல்லா, அப்ப நான் அடிச்ச மாதிரிதானே.

அதோட, எட்டுப் பள்ளிக்கூடம் சேர்ந்து ஒரு சங்கம் வச்சிருக்காங்க. அவங்க பரீட்சைக் கேள்வித்தாளு பூராவும் இங்கதான் டைப் ஆகுது. அது மத்த வேலை மாதிரி கிடையாது, நம்பிக்கை. கேள்வித்தாளு அடிக்குற அன்னைக்கு இந்தக் கதவைச் சாத்திருவோம். உள்ள நானும் அவளும் மட்டும்தான். டீ கொண்டு வாரவரைக்கூட வாசல்லயே நிப்பாட்டி வாங்கிக்கிடுவேன். இத்தனை வருஷத்துல ஒரு சொல்லு வந்தது கிடையாது.

இந்த அரைப் பரீட்சைக்கு வந்துருச்சு. பத்தாங்கிளாஸ் சமூக அறிவியல். பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலமே கேள்வித்தாளு பிள்ளைங்க போன்ல சுத்துதாம். சங்கத்துச் செயலாளரு தேவசகாயம் சாரு எனக்கு அனுப்பினாரு, பாத்தேன். ஒரு எழுத்து மாறல. நான் போடுற அதே பார்டரு, அதே கோடு. எனக்கு அப்படியே கையும் ஓடல, காலும் ஓடல.

இந்த ரூம்ல இருந்தது ரெண்டே பேரு. நான் குடுக்கல. நான் குடுக்கலன்னா வேற யாரு குடுத்திருப்பா? இதைக் கண்டுபிடிக்க ஐ.பி.எஸ்ஸா படிக்கணும்?

எதுக்கு தம்பி அங்க கை வைக்கீங்க? நெட் வயரா? அதைப் பிடுங்க வேண்டாம். இருக்கட்டும். அது இல்லாம நம்ம அய்யனாரு வேலை செய்யாது. அவளும் இதே மாதிரிதான், எதுக்கெடுத்தாலும் "வயரைப் பிடுங்கட்டுமாக்கா, வயரைப் பிடுங்கட்டுமாக்கா". வயரு என்ன பாவம் பண்ணுச்சு உங்களுக்கெல்லாம்?

அய்யனாருன்னா யாருன்னு கேக்கீங்களா? திரையில அந்த மூலையில பாருங்க, குதிரை மேல அரிவாளோட குட்டியா ஒரு படம் இருக்குல்லா. அதான். அய்யனார் ஆன்டிவைரஸ். நீங்க கேள்விப்பட்டதே இல்லையா? என்ன தம்பி, இந்தத் தொழில்லயே இருக்கீங்க. சரி, சொல்லுதேன். நீங்க பாட்டுக்கு உங்க பென்டிரைவைப் போட்டு என்ன சோதிக்கணுமோ சோதிங்க, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். எத்தனை சதவீதம் ஓடியிருக்குன்னு மட்டும் அப்பப்பச் சொல்லுங்க.

முதல்ல கம்ப்யூட்டர் வாங்கும்போதே ஒண்ணு கூட வந்துச்சு. பச்சைக் கேடயம் படம் போட்டது. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் காலையில வந்து உக்காந்து தமிழ் அடிக்கேன், திரையில இங்கிலீஷா வருது. என்னடா இதுன்னு பாத்தா, நாங்க தமிழ் அடிக்க வச்சிருக்கோமே 'தேன்மழை'ன்னு ஒரு சாஃப்ட்வேர், அதைப் பிடிச்சு உள்ள போட்டுருச்சு. ஏன்னு கேட்டா, நீங்க அடிக்குற ஒவ்வொரு எழுத்தையும் இது பாத்துக்கிட்டு இருக்கு, அதனால இது திருடன்னு எழுதிக் காட்டுது. எப்படி இருக்கு பாருங்க! பாக்காம எப்படித் தமிழா மாத்தும்? நான் 'க' அடிக்கேன்னா அது பாத்தாத்தானே 'க' போடும்? எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். தமிழ் அடிச்சா திருட்டுத்தனமா? அன்னைக்கு மூணு கல்யாணப் பத்திரிகை நிக்கி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. தூக்கிக் கடாசுன்னு சொன்னேன்.

அப்புறம் ராஜகனிதான் சொன்னா. "அக்கா, காசு குடுத்து நல்லதா ஒண்ணு வாங்குவோம், கேள்வித்தாளெல்லாம் இருக்கு"ன்னா. சரின்னு வாங்கினோம். ஆரஞ்சு கலரு. அது தேன்மழையைக் கொல்லல, ஆனா கேள்வி கேட்டே என்னைக் கொன்னுச்சு. இதை அனுமதிக்கவா, அதை அனுமதிக்கவா. அவ உக்காந்து, தேன்மழை ஒண்ணை மட்டும் விட்டுரு, மத்ததை எல்லாம் பாருன்னு அதுக்குச் சொல்லி வச்சா. கொஞ்ச நாள் ஒழுங்காத்தான் போச்சு. ஆனா நம்ம கடைக்கு வாரவங்க பென்டிரைவு எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஊரு பூராச் சுத்திட்டு வரும். அதைச் சொருகின உடனே இது ஒரு கத்து கத்தும். வந்தவங்க முகம் சுருங்கிப் போகும். "என்ன செண்பகாக்கா, எங்க வீட்டுப் பென்டிரைவு என்ன குஷ்டரோகியா?"ன்னு ஒரு வாத்தியாரம்மா கேட்டாங்க. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு.

நான் என்ன செஞ்சேன், அவ இல்லாத நேரமாப் பாத்து, மொத்தத்தையும் விட்டுருன்னு போட்டுட்டேன். சி, டி, பென்டிரைவு, எல்லாத்தையும். வாய் அடைச்சுப் போச்சு. அவ வந்து பாத்துட்டு, "அக்கா, இப்ப இது இருக்குறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு"ன்னா. இருக்கட்டும்ட்டி, சத்தம் இல்லாம இருக்குல்லான்னேன்.

என்ன, பாதி ஓடிருச்சா? சிவப்பா ஒரு நம்பரு ஏறுதே. அது ஒண்ணுமில்ல தம்பி, தேன்மழையைத்தான் சொல்லும். எந்த ஊரு ஆன்டிவைரஸா இருந்தாலும் தேன்மழையைக் கண்டா ஆகாது.

சரி, அய்யனாருக்கு வாரேன். ஆரஞ்சுக்குத் தவணை முடிஞ்சு போச்சு, புதுசு பாக்கணும். இந்தத் தடவை யாரையும் கேக்கக் கூடாது, நம்மளே பாப்போம்னு, "நல்ல ஆன்டிவைரஸ் எது"ன்னு தமிழ்லயே அடிச்சு நெட்டுல தேடினேன். அழகா ஒரு பக்கம் வந்துச்சு. சுத்தத் தமிழு. "உங்கள் கணினியின் காவல் தெய்வம்"னு போட்டு, குதிரையும் அரிவாளும். இலவசம். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு தம்பி, பொய் சொல்லல. இத்தனை நாளு இங்கிலீஷ்காரன்கிட்ட ஏச்சு வாங்கினேனே, நம்ம ஆளு ஒருத்தன் செஞ்சு வச்சிருக்கானேன்னு.

உள்ள வந்ததும் முதல் காரியமா, மத்த ஆன்டிவைரஸை எடுத்துருங்கன்னு சொல்லுச்சு. நியாயந்தானே? ஒரு ஊருக்கு ஒரு காவல் தெய்வம்தான் இருக்க முடியும். எடுத்துட்டேன். அப்புறம் எல்லாத்துக்கும் அனுமதி குடுன்னு கேட்டுச்சு, குடுத்தேன். அதோட சரி தம்பி. அன்னையில இருந்து தினம் காலையில கம்ப்யூட்டரைப் போட்டா, "வணக்கம். உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது." அவ்வளவுதான். தேன்மழையை ஒரு வார்த்தை சொல்லல. எவன் பென்டிரைவைப் போட்டாலும் ஏன்னு கேக்கல. ஆயுதபூசைக்கு அந்த மூலையில சந்தனம் குங்குமம் வச்சேன், தடம் இன்னும் இருக்கு பாருங்க.

ராஜகனி மூஞ்சி மட்டும் போன போக்கே சரியில்ல. "இதை யாரு செஞ்சாங்கன்னே போடலயேக்கா, போன் நம்பருகூட இல்லயே"ன்னா. "ஏட்டி, நம்ம ஊரு அய்யனாரு கோயில்ல போன் நம்பரு எழுதியா போட்டிருக்கு?"ன்னு கேட்டேன். சிரிக்கல. எல்லாத்துக்கும் சிரிக்குற பிள்ளை, அதுக்குச் சிரிக்கல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

பொதுவா அவ அப்படி மூஞ்சி தூக்குறவ இல்ல, அதையும் சொல்லணும்ல. இங்க எது மக்கர் பண்ணுனாலும் நான் இருந்த இடத்துல இருந்து "ஏட்டி ராஜகனி!"ன்னு ஒரு சத்தம் குடுப்பேன். பிரிண்டர்ல பேப்பரு சிக்குச்சுன்னா, "ஏட்டி ராஜகனி!" எழுத்து பெருசாத் தெரிஞ்சா, "ஏட்டி ராஜகனி!" கீழ டீ குடிச்சுக்கிட்டு இருந்தாலும் அப்படியே வச்சுட்டு ஓடி வருவா. வந்து ஒரு தட்டு தட்டினாப் போதும், சரியாப் போகும். நேத்துகூட பிரிண்டரு மடக்கிக்கிட்டு நின்னுச்சு. தொண்டை வரைக்கும் வந்துச்சு அவ பேரு. முழுங்கிட்டேன். முழுங்கிட்டுப் பேப்பரை நானே பிடிச்சு இழுத்தேன், கிழிஞ்சு பாதி உள்ளயே இருக்கு. இப்பவும் உள்ளதான் இருக்கு.

அதை விடுங்க. விஷயத்துக்கு வாரேன். அவதான் எடுத்தான்னு நான் சும்மா சொல்லல, கண்ணால பாத்தேன். அதைக் கேளுங்க.

சமூக அறிவியல் அடிச்சு முடிச்ச அன்னைக்கு மத்தியானம். கதவு சாத்தியிருக்கு. நான் அந்தக் கட்டில்ல கொஞ்சம் சாஞ்சிருந்தேன். "அக்கா, அக்கா"ன்னு ஒரு மாதிரிக் குரல்ல கூப்பிடுதா. என்னட்டின்னேன். "மவுஸு தானா நகருதுக்கா"ங்கா. "நான் தொடவே இல்லக்கா, கர்சரு அதுபாட்டுக்குப் போகுது, கேள்வித்தாளைத் திறக்குது"ங்கா. கை ரெண்டையும் இப்படித் தூக்கி வச்சிருக்கா, போலீஸைக் கண்டவ மாதிரி. மூஞ்சி வெளிறிப் போயிருக்கு. நான் எந்திரிச்சு வந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. அது பாட்டுக்குச் சிவனேன்னு நிக்கி. மவுஸைத் தூக்கி அடியில முந்தானையால தொடைச்சேன். "தூசிட்டி, தூசி அடைச்சா இப்படித்தான் இழுக்கும்"னேன். "தூசி ஃபைலைத் திறக்குமாக்கா?"ன்னு கேக்கா. எதுத்துப் பேசுறதைப் பாருங்க.

மறுபடி போய்ச் சாஞ்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கண்ணை மட்டும் திறந்து பாக்கேன், இவ போனைத் தூக்கி ஸ்கிரீனுக்கு நேரா பிடிச்சிருக்கா. கேள்வித்தாளு திறந்து கிடக்கு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுச்சு. ஒரே எட்டுல போய்க் கையைப் பிடிச்சுட்டேன். "வீடியோ எடுக்கேன்க்கா, அது தானா நகருது, நீங்க நம்ப மாட்டேங்கீங்கள்லா, அதான் உங்களுக்குக் காட்ட"ன்னு அழுதா. கேள்வித்தாளு உள்ள வார மாதிரி ஒரு வீடியோவா? என் முன்னாலயே அழிட்டின்னேன். "அக்கா, ஒரே ஒரு தடவை பாத்துருங்கக்கா"ன்னு கெஞ்சுதா. நான் அந்தப் பக்கமே திரும்பல. அழிக்க வச்சேன். போன்ல இருக்குற குப்பைத்தொட்டியில இருந்தும் எடுக்க வச்சேன். நான் விவரமில்லாதவ இல்ல தம்பி.

இப்ப நெனச்சுப் பாக்கேன், அழிக்குறதுக்கு முன்னாலயே யாருக்காச்சும் அனுப்பியிருப்பா. அதானே நடந்திருக்கணும்? வேற எப்படி வெளிய போகும்? கதவு சாத்தியிருந்துச்சே.

என்ன தம்பி அப்படிப் பாக்கீங்க?

முடிஞ்சு போச்சா? என்ன சொல்லுது? தேன்மழைதானே? இல்லையா? பின்ன?

அய்யனாரையா?

நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அய்யனாரையா திருடன்னு சொல்லுது? நாக்கைக் கடிங்க தம்பி. இது வந்து மாசக்கணக்காச்சு, ஒரு நாள் எனக்கு எதுத்து ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. வெளிய இருந்து ஆளு உள்ள வந்து பாக்குறதுக்கு இதுதான் கதவு திறந்து விடுதுன்னு உங்க பென்டிரைவு சொல்லுதா? உங்க பென்டிரைவு எந்தக் கம்பெனி? ஆங். அதான். ஒரு கடைக்காரன் பக்கத்துக் கடைச் சரக்கை நல்ல சரக்குன்னு என்னைக்குச் சொல்லியிருக்கான்? இவன் இலவசம், அவன் காசு. வயித்தெரிச்சல் இருக்கத்தான் செய்யும்.

இல்ல தம்பி, நீங்க கோவப்படாதீங்க. நான் உங்களைச் சொல்லல. ஆனா நாலு மணிக்கு ஆளுக வந்து நிக்கும்போது, கம்ப்யூட்டர்ல திருடன் இருக்கான்னு நீங்க சொன்னீங்கன்னா என் கதி என்ன? யாரு போட்டான்னு கேப்பாங்க. செண்பகவல்லி போட்டான்னு சொல்லவா? சங்கத்து வேலை போயிரும். சங்கம் போச்சுன்னா பின்னாலயே ஊரு போயிரும். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேரு தம்பி. ஒரு பொண்ணு கைநீட்டிட்டான்னா அது அவளோட போகும். கடையே ஓட்டைன்னா யாரு வருவா?

புகாரு நான்தான் குடுக்கணும்னு தேவசகாயம் சாரு சொல்லிட்டாரு. என் கடையில நடந்ததுன்னு நான் கையெழுத்துப் போடணும், அப்படியே ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருவாங்க. காலையில நானே உக்காந்து இதுலயே அடிச்சு வச்சுட்டேன். ஒரு பக்கம். அதுக்கு ஒரு காலைப்பொழுது போயிருச்சு. விரலு மரத்துப் போச்சு தம்பி, எல்லாம் அவளை வச்சே பழகிட்டேன்ல. ரெண்டு இடத்துல எழுத்து விழவே இல்ல, ஏட்டின்னு வாயைத் திறந்துட்டு மூடிட்டேன்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவளுக்குக் கவர்மென்ட் வேலை கிடைச்சிருக்கு. குரூப் ஃபோர் எழுதி, டைப்பிஸ்ட் வேலை. ஆர்டரு வரணும், அதுக்கு முன்னால போலீஸ் வெரிஃபிகேஷன். இந்தப் புகாரு போனா அது அவ்வளவுதான், எனக்குத் தெரியாம இல்ல. நேத்து அவ அப்பா வந்தாரு. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவரு. கையில ஒட்டுன தீக்குச்சி மருந்தைக்கூடக் கழுவாம நேரா வந்து இங்க நின்னாரு. உக்காருங்கன்னா உக்காரல. "தாயீ, எங்க வம்சத்துல மாசச் சம்பளம் வாங்கப் போற முதல் பிள்ளை அதுதான். அது எடுத்திருந்தா நானே கூட்டிக்கிட்டுப் போய் ஸ்டேஷன்ல விடுதேன். எடுக்கலங்குதே தாயீ"ன்னாரு. நான் என்ன சொல்ல முடியும்? கதவு சாத்தியிருந்துச்சு, ரெண்டு பேருதான் இருந்தோம்னேன். அந்த மனுஷன் கதவையே பாத்துக்கிட்டு நின்னாரு.

வேலை கிடைச்ச அன்னைக்கு எனக்குத்தான் முதல்ல லட்டு கொண்டு வந்தா. அதையும் மறைக்கல. வாங்கி வச்சேன். சந்தோஷந்தான். யாரு இல்லன்னா? எட்டு வருஷம் சொல்லிக் குடுத்து ஆளாக்கி விட்டிருக்கு, இனிமே அவளுக்கு நான் எதுக்கு? கடை எக்கேடு கெட்டா என்ன? மாசாமாசம் சம்பளம், ஞாயித்துக்கிழமை லீவு. போகட்டும். எனக்கு ஒண்ணும் வயித்தெரிச்சல் கிடையாது. அன்னைக்கு நைட்டு சோறு இறங்கல, அது கேஸ் தொந்தரவு. லட்டு எறும்பு மொய்ச்சுப் போச்சு, தூக்கிப் போட்டேன். நீங்க ஏதாச்சும் நெனைச்சுக்கிடாதீங்க.

அந்தச் சத்தம் கார் கதவுதானே? எட்டிப் பாருங்க தம்பி. வேண்டாம், நீங்க உக்காருங்க, நான் பாக்கேன்.

வந்துட்டாங்க. தேவசகாயம் சாரு, கூட ரெண்டு தாளாளரு. அவகிட்ட என்னமோ கேக்காங்க. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கா. அவ அப்பாவும் வந்துட்டாரு, அந்தா, சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நிக்காரு. பாக்கவே என்னமோ போல இருக்கு தம்பி. எனக்கு மட்டும் கல்லு மனசா?

சீக்கிரம், சீக்கிரம். அந்தச் சிவப்புக் கட்டத்தை மூடுங்க. மூடுங்கன்னா மூடுங்க தம்பி, கெஞ்சிக் கேக்கேன். அய்யனாரை அப்புறம் பாத்துக்கிடுவோம். அவங்க கேட்டா சுத்தமா இருக்குன்னு சொல்லுங்க, போதும். ஒரே ஒரு வார்த்தை. உங்க வேலைக்கு என்ன கேக்கீங்களோ தாரேன். மூடிட்டீங்களா? ஆங். இப்பத் திரையைப் பாத்தா எப்படி இருக்கு? பளிச்சுன்னு. "உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது." பாருங்க, அதுவே சொல்லுது.

புகாரைப் பிரிண்ட் எடுக்கணும். அந்தப் பேப்பரு வேற உள்ள சிக்கிக் கிடக்கு. இருங்க, ஃபைலு எங்க இருக்குன்னு சொல்லுதேன். 'ராஜகனி'ன்னு பேரு போட்டு வச்சிருக்கேன், இடது பக்கம். அதான். சொல்லுறதுக்குள்ள திறந்துட்டீங்களே. சரி, அப்படியே பிரிண்ட் குடுங்க. கீழ எதுக்குப் போறீங்க? வாசிச்சுப் பாக்கீங்களா? அதெல்லாம் நான் பாத்துட்டேன், தப்பு இருக்காது, பிரிண்ட் குடுங்க.

தம்பி.

உங்க கை எங்க இருக்கு?

ரெண்டு கையும் மடியில வச்சிருக்கீங்க.

தூசி. ஒண்ணுமில்ல, மவுஸுக்கு அடியில தூசி. குடுங்க இங்க, முந்தானையால ஒரு தொடை தொடைச்சா சரியாப் போகும். இந்தா. தொடைச்சாச்சு. தூக்கித்தான் வச்சிருக்கேன், கையிலதானே இருக்கு. தம்பி, மவுஸு என் கையில இருக்கு. அது கீழ இறங்குது. நீங்க தொடல, நான் தொடல, அது வரி வரியா இறங்குது. வாசிக்குது தம்பி. எவனோ உள்ள உக்காந்து வாசிக்கான். அவ பேரு இருக்குற வரியில போய் நின்னுட்டான். அப்படியே நிக்கான்.

யாருல அது? ஏல, யாருல உள்ள?

ஏட்டி ராஜகனி! ராஜகனி! மேல ஓடி வாட்டி! இது தானா நகருதுட்டி! நீ அன்னைக்குச் சொன்ன மாதிரியே தானா நகருது, மவுஸு என் கையில இருக்கு, அது பாட்டுக்குப் போகுதுட்டி! வந்து அந்த வயரைப் பிடுங்குட்டி! ராஜகனி!

தம்பி, நான் என்ன சொன்னேன் இப்ப?

கீழ பேச்சு நின்னு போச்சே. எல்லாருக்கும் கேட்டிருக்குமா? ஜன்னல் திறந்துல்லா கிடக்கு. தேவசகாயம் சாரு அண்ணாந்து இங்கயே பாக்காரு. அவ அப்பா சைக்கிளை விட்டுட்டாரு, கீழ சாஞ்சு கிடக்கு. அய்யோ, நான் இல்ல தம்பி, என் வாயி. எட்டு வருஷப் பழக்கம், என் வாயி அதுவாக் கூப்பிட்டுருச்சு.

படியில சத்தம் கேக்குதா? அது அவங்க இல்ல. அவங்களுக்கு இம்புட்டு வேகமா ஏற முடியாது. ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஒரு ஆளு வருது பாருங்க, அவதான். மேல வரக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். ஆனா நான் கூப்பிட்டா எப்பவும் அப்படித்தான் ஓடி வருவா.